ஒரு மாதத்துப் படிப்பு

வருகிற மாதத்தில் என்னென்ன புத்தகங்கள் படிக்கலாம் என்று யோசிக்கிறவர்களில் பெரும்பாலோர், முதலில் நூல்களின் பெயர்களை ஆசையோடு வரிசையாக எழுதிவிட்டு, அவற்றுக்கு வேண்டிய அவகாசம் எப்படியும் கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். மாதம் பாதி கழிவதற்குள் அந்த ஜாபிதா மேஜை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. தினமும் நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய நேரம் எவ்வளவு என்பதை முதலில் நிர்ணயித்துக்கொண்டு, அதன் பிறகே நூல்களைத் தேடப் புறப்பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முன் தலைமுறையினருக்கு இந்தச் சிரமத்தைப் பத்திரிகைகளே தீர்த்து வைத்தன. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ வாரத்துக்கு ஒருமுறைதான் கைக்கு வந்தது. அதன் ஐந்து பாகங்களிலும் உள்ள 293 அத்தியாயங்களை ஒரே மாதத்தில் படிக்க விரும்பும் இன்றைய வாசகர், நாளொன்றுக்குப் பத்து அத்தியாயம் வீதம் போயாக வேண்டும். கதையின் வேகத்தில் அது சாத்தியமே. ஆனால் அந்த மாதத்தில் வேறு புத்தகத்துக்கு இடம் வைக்கலாகாது.

அவ்வளவு அவகாசம் இல்லாதவர்களுக்கு நான் மனப்பூர்வமாகச் சொல்லக்கூடிய நூல், உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940-இல் ‘ஆனந்த விகட’னில் தொடங்கி, 1942-இல் ஐயர் காலமானதால் முற்றுப்பெறாமல் நின்றுபோன அந்நூலில் உள்ளவை 122 அத்தியாயங்கள், தினம் நான்கு படித்தால் ஒரு மாதத்துக்குச் சரியாக இருக்கும். வாரப் பத்திரிகைக்கென்று எழுதப்பட்டதால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க அளவில் அமைந்திருக்கிறது.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஐயர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகும் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படிக்க வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் பாடங்கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் ஐயர் உற்சாகமாக அடுக்கிக்கொண்டே போக, முதலியார் அவற்றில் எதற்கும் வியப்படையாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று விசாரிக்கிறார். அந்த ஒரு கேள்வி ஐயருடைய படிப்பின் திசையையே மாற்றியது. பின்பு முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு, விளங்காத சமய விஷயங்களைக் கும்பகோணத்து ஜைனர்களிடம் கேட்டுத் தெளிந்து, 1887-இல் அவர் சிந்தாமணியை அச்சிட்டார். எவ்வளவு நல்ல ஜாபிதாவானாலும், அதை மாற்றத் தக்க ஒரு கேள்விக்கு இடம் இருக்க வேண்டும் என்று நான் கருதுவதற்கு இச்சம்பவமே ஆதாரம்.

பெரிய நூலோடு ஒரு சிறுகதைத் தொகுதியையும் சேர்த்துக்கொள்வது உத்தமம். புதுமைப்பித்தன் கதைகளை ஒரே மூச்சில் படிப்பதைவிட, இரவுக்கு ஒன்றாகப் படிப்பவருக்கே ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ போன்ற ஒரு கதையை மறுநாள் முழுவதும் நினைத்துப் பார்க்கும் பாக்கியம் கிட்டும்.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியான தம் நூலில் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நூலகத்துக்கு அவர் சொன்னதை வாசகரும் தமக்கு விதித்துக்கொண்டு, மாதம் பிறக்குமுன்பே புத்தகங்களைக் கையில் வாங்கி வைத்துவிட்டால், தேடி அலையும் நாட்கள் படிப்புக்கு மிஞ்சும்.

கடைசி வாரத்துக்கென்று எந்த நூலையும் முன்கூட்டி எழுதாமல், தினம் ஓர் அத்தியாயமாவது கூடுதலாகப் படித்து அதைக் காலியாக வைத்திருப்பது நல்லது. ‘என் சரித்திர’த்தை முடித்தவருக்கு, ஐயரே இரண்டு பாகங்களாக எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தின் மீது ஆசை பிறக்கலாம், சிந்தாமணியையே ஓர் ஆசிரியரிடம் பாடங்கேட்க வேண்டும் என்றும் தோன்றலாம். அந்த வாரத்தில் முதல் பாகத்தைத் தொடங்கிவிட்டு, எஞ்சியதை அடுத்த மாதத்தின் முதல் புத்தகமாகக் குறித்துக்கொள்ளலாம்.