'வேண்டும்' என்னும் சொல்லும் வெறும் பட்டியலும்: ஒரு முறைமை அழைப்பின் எல்லைநிலைகள்

இலக்கண நூலார் விதி கூறியபின் புறனடை கூறுவர். விதி பெரும்பான்மையைச் சுட்டும். புறனடை அவ்விதியின் ஓரத்தில் எஞ்சி நிற்பவற்றைத் தழுவிக்கொள்ளும். கணினி நிரல் எழுதுவோரும் இத்தகைய ஓரங்களைத் தேடிச் சென்று சோதிக்கின்றனர். ஆங்கிலத்தில் 'எட்ஜ் கேஸ்' என வழங்குவதை இக்கட்டுரை 'எல்லைநிலை' என்று குறிக்கும். 'விளிம்புநிலை' என்னும் சொல் சமூகத்தில் ஒதுக்கப்பட்டோரைக் குறிக்க நிலைபெற்றுவிட்டமையால் அது இங்கு ஆளப்படவில்லை.

இங்கு ஆராயப்படும் சான்று ஒன்றே. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், சி மொழியில் எழுதப்பட்ட நிரல் ஒன்று மற்றொரு நிரலை இயக்குதற்குப் பயன்படும் 'எக்ஸெக்-வி-ஈ' என்னும் முறைமை அழைப்பே அது. அதன் ஓர் எல்லைநிலை, தர ஆவணத்தில் உள்ள ஒரு துணைவினையின் பொருளோடு பிணைந்தது. பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்து, 2022ஆம் ஆண்டில் பெரும் பாதுகாப்புக் குறைபாடாக வெளிப்பட்டது. எனவே இது கணினியாளர்க்கு மட்டும் உரிய செய்தியாக நின்றுவிடாது. மொழி பயிற்றுவோரும் பயில்வோரும் அறியத்தக்கதாகின்றது.

அழைப்பின் இயல்பு

ஒரு நிரல் தன் எல்லைக்குள் செய்ய இயலாத செயலை இயங்குதளத்தின் உட்கருவிடம் கேட்டுப் பெறுவதே முறைமை அழைப்பு. எக்ஸெக்-வி-ஈ மூன்று பொருள்களைப் பெறுகிறது. முதலாவது, இயக்கவேண்டிய கோப்பின் பாதை. இரண்டாவது, புதிய நிரலுக்கு வழங்கப்படும் சொற்சரங்களின் பட்டியல். இது 'ஆர்க்-வி' எனப்படும். மூன்றாவது, சூழல் மாறிகளின் பட்டியல். இரண்டு பட்டியல்களும் எங்கு முடிகின்றன என்பதை ஒரு வெற்றுச் சுட்டு காட்டும். புதிய நிரல் தன் பட்டியலில் எத்தனை உறுப்புகள் உள்ளன என்பதை 'ஆர்க்-சி' என்னும் எண்ணாகப் பெறும்.

இவ்வழைப்பின் தனித்தன்மை ஒன்றை முதற்கண் உணர்தல் வேண்டும். அது வெற்றி பெற்றால் அழைத்த நிரலிடம் திரும்பி வருவதில்லை. அழைத்த நிரலின் இடத்தைப் புதிய நிரல் கைப்பற்றிக்கொள்ளும். இயக்கத்தின் அடையாள எண் மாறாது. தோல்வியுற்றால் மட்டுமே -1 என்னும் மதிப்போடும் பிழைக்குறியோடும் திரும்பும். ஆகவே சோதனை எழுதுவோர் முதலில் ஒரு சேய் இயக்கத்தைத் தோற்றுவித்து, அதனுள் இவ்வழைப்பை நிகழ்த்தி, அதன் முடிவைத் தாய் இயக்கத்திலிருந்து நோக்குவர். இயக்கப்படும் நிரலும் சோதனைக்கென எழுதப்பட்ட சிறு நிரலாக இருக்கும். தான் பெற்ற பட்டியலை உள்ளவாறே அறிவிப்பதே அதன் பணி.

அளவின் எல்லைகள்

எளிதில் சோதிக்கத்தக்கவை அளவின் எல்லைகள். யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று. ஆயின் யூனிகோடு குறியீடுகள் ஐந்து: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. எனவே அச்சொல் 15 பைட் ஆகும். லினக்சில் பரவலாக வழங்கும் 'எக்ஸ்ட்4' கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைக் கடத்தல் ஆகாது. 'தமிழ்' என்று 17 முறை தொடர்ந்து எழுதினால் 255 பைட் சரியாக நிரம்பும். அப்பெயருள்ள நிரல் இயங்கும். அதனோடு ஓர் எழுத்தைக் கூட்டினாலும் 'பெயர் மிக நீளம்' என்னும் பிழை எழும். எல்லைக்குச் சற்று உள்ளே, எல்லையின் மேல், எல்லைக்குச் சற்று வெளியே என மூன்று இடங்களிலும் சோதிப்பதே முறை.

பட்டியலில் அமையும் சரத்திற்கும் எல்லை உண்டு. நினைவகப் பக்கம் 4,096 பைட்டாக உள்ள லினக்சில், ஒரு சரம் தன் இறுதிக் குறியோடு சேர்த்து 1,31,072 பைட் வரை இருக்கலாம். 'தமிழ்' என்னும் சொல்லை 8,738 முறை எழுதிய சரம் ஏற்கப்படும். 8,739 முறை எழுதியது 'பட்டியல் மிக நீளம்' என்று மறுக்கப்படும்.

மற்றொரு வகை எல்லைநிலை பிழைச் செய்தியின் பொருளைப் பற்றியது. கட்டளைக் கோப்பு ஒன்றின் முதல் வரி, அதனைப் படித்து இயக்கும் நிரலின் பாதையைச் சுட்டும். விண்டோஸ் முறையில் சேமித்த கோப்பில் அவ்வரியின் இறுதியில் கண்ணுக்குப் புலனாகாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். அக்குறியையும் பெயரின் பகுதியாகக் கொண்டு உட்கரு அந்நிரலைத் தேடும். காணாது 'அத்தகைய கோப்பு இல்லை' என்று கூறும். கட்டளைக் கோப்போ கண்முன் இருக்கும். செய்தி உண்மையே, எந்தக் கோப்பு இல்லை என்பதை அது சொல்லாது விடுகிறது.

ஒன்றும் இல்லாத பட்டியல்

அளவின் மேல் எல்லையைக் கண்டோம். கீழ் எல்லை எது? பட்டியலில் ஒரே உறுப்பு இருக்கலாம். ஓர் உறுப்பும் இல்லாத பட்டியலைத் தந்தால் என்ன ஆகும்?

மரபுப்படி பட்டியலின் முதல் உறுப்பு இயக்கப்படும் நிரலின் பெயராகும். உண்மையான உள்ளீடுகள் அதன்பின் தொடங்கும். எனவே நிரல் எழுதுவோர் பலர் சுழியாம் இடத்தை விடுத்து ஒன்றாம் இடத்திலிருந்து படிப்பது வழக்கம். பட்டியலில் ஓர் உறுப்பேனும் இருக்கும் என்பது அவ்வழக்கத்தின் உள்ளே மறைந்திருக்கும் நம்பிக்கை.

'பிகே-எக்ஸெக்' என்பது லினக்ஸ் கணினிகள் பலவற்றில் நிறுவப்பட்டிருந்த ஒரு நிரல். பொதுப் பயனர் ஒருவர் உரிய இசைவு பெற்று மேலாளர் உரிமையோடு வேறு நிரலை இயக்க அது உதவும். ஆதலின் அது மேலாளர் உரிமையோடே இயங்கும். அதுவும் ஒன்றாம் இடத்திலிருந்தே படித்தது. பட்டியல் வெறுமையாக இருந்தால் சுழியாம் இடத்தில் முடிவுக் குறியே நிற்கும். ஒன்றாம் இடம் பட்டியலுக்கு அப்பாற்பட்டதாகும். லினக்சின் நினைவக அமைப்பில் அப்பட்டியலை அடுத்துச் சூழல் மாறிகளின் பட்டியல் தொடங்குகிறது. ஆகவே பிகே-எக்ஸெக் முதற் சூழல் மாறியைத் தனக்கு இடப்பட்ட கட்டளையாகக் கருதிப் படித்தது. தான் கண்டறிந்த முழுப் பாதையை அவ்விடத்திலேயே திரும்ப எழுதியும் வைத்தது.

தீங்கு இங்கேதான் விளைந்தது. மேலாளர் உரிமையோடு இயங்கும் நிரல் தொடங்கும்போது, ஆபத்தான சூழல் மாறிகள் நீக்கப்படுகின்றன. பிகே-எக்ஸெக் திரும்ப எழுதியதோ அந்நீக்கம் முடிந்தபின் நிகழ்ந்தது. அதனால் நீக்கப்பட்ட மாறி ஒன்றை மீண்டும் உள்ளே நுழைத்துவிட இயன்றது. அவ்வாறு நுழைக்கப்பட்ட மாறி, எழுத்துக் குறிமுறைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் கூறுகள் எங்குள்ளன என்பதைச் சுட்டுவது. பிழைச் செய்தியை வேறொரு குறிமுறையில் அச்சிட முனையும்போது, தாக்குவோர் வைத்த கூறு மேலாளர் உரிமையோடு இயங்கிவிடும். கணினியில் எளிய கணக்கு வைத்திருக்கும் எவரும் இவ்வழியே முழு உரிமையைக் கைப்பற்றலாம் என்பதைக் குவாலிஸ் நிறுவனத்தார் 2022 ஜனவரி 25 அன்று வெளியிட்டனர். பிகே-எக்ஸெக்கின் முதற்பதிப்பு வந்த 2009 மே மாதம் முதல் அக்குறை அதில் இருந்துவந்தது.

தர ஆவணத்தின் சொல்

வெறும் பட்டியலைத் தர ஆவணங்கள் தடுக்கவில்லையா? இங்கே மொழியியல் தொடங்குகிறது. சி மொழியின் தரம், ஆர்க்-சி எதிர்மறை அல்லாத எண்ணாக இருக்கும் என்கிறது; நேர் எண் என்று கூறவில்லை. எதிர்மறை அல்லாத எண்களுள் சுழியும் அடங்கும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரமோ, முதல் உறுப்பு நிரலின் பெயரைச் சுட்டுவது பற்றிக் கூறுமிடத்தில் 'ஷுட்' என்னும் துணைவினையை ஆள்கிறது. அவ்வாவணத்தில் 'ஷல்' என்பது கட்டாயத்தைக் குறிக்கும். 'ஷுட்' என்பது பரிந்துரையைக் குறிக்கும். இவ்விரண்டும் ஒருபொருட் சொற்கள் அல்ல என்பது அதனுள்ளேயே வரையறுக்கப்பட்டுள்ளது. எனவே, வெறும் பட்டியலை ஏற்கும் இயங்குதளம் தரத்தை மீறியதாகாது. பரிந்துரையைக் கட்டாயமாகக் கருதி எழுதப்பட்ட நிரலே தவறியதாகும்.

குறை வெளிப்பட்டபின் பிகே-எக்ஸெக் திருத்தப்பட்டது. லினக்ஸ் உட்கருவும் தன் போக்கை மாற்றிக்கொண்டது. 2022 மே மாதம் வெளிவந்த 5.18ஆம் பதிப்பில், வெறும் பட்டியல் வந்தால் வெற்றுச் சரம் ஒன்றை உட்கருவே முதல் உறுப்பாகச் சேர்க்கும் மாற்றம் இடம்பெற்றது. முற்றாக மறுத்திருந்தால், வெறும் பட்டியலைத் தரும் பழைய நிரல்கள் சிலவும் சோதனைத் தொகுப்புகள் சிலவும் இயங்காமற் போயிருக்கும். ஓப்பன்-பிஎஸ்டி இயங்குதளமோ அவ்வழைப்பை 'செல்லாத உள்ளீடு' என்று மறுத்துவிடுகிறது. ஆகவே ஒரே சோதனைக்கு மூன்று விடைகள் கிடைக்கும்: மாற்றம் பெறாத லினக்சில் ஆர்க்-சி 0, மாற்றம் பெற்றதில் 1, ஓப்பன்-பிஎஸ்டியில் பிழை.

வெற்றுச் சரமும் வெறும் பட்டியலும் ஒன்றோ என ஐயுறலாம். தமிழிலக்கணம் கற்றோர்க்கு இவ்வேறுபாடு அரிதன்று. 'வந்தான்' என்னும் தொடரில் எழுவாய் ஒலிக்கவில்லை. ஆயினும் அதற்குரிய இடம் உண்டு. வினைமுற்றின் 'ஆன்' விகுதி அவ்விடத்தைக் காட்டிநிற்கும். இதனைத் தோன்றா எழுவாய் என்கிறோம். வெற்றுச் சரமும் அத்தகையதே: இடம் உண்டு, உள்ளே எழுத்து இல்லை. வெறும் பட்டியலில் இடமே இல்லை. இடம் உள்ளதாக எண்ணி அடி வைத்தமையால் பிகே-எக்ஸெக் பிறர் மனையில் புகுந்தது.

தமிழில் எழுதும்போது

பாசிக்ஸ் கூற்றைத் தமிழில் எழுதுவதாகக் கொள்வோம். 'பட்டியலின் முதல் உறுப்பு நிரலின் பெயராக இருக்க வேண்டும்' என்றே பெரும்பாலோர் எழுதுவர். இவ்வாக்கியம் கட்டாயமா, பரிந்துரையா? 'வேண்டும்' என்னும் சொல் விருப்பம், தேவை, அறிவுரை, கட்டளை ஆகிய நான்கிற்கும் வரும். 'நீ நலமாக இருக்க வேண்டும்' என்பது வாழ்த்து. 'வரி செலுத்த வேண்டும்' என்பது கட்டளை. பேச்சில் சூழல் இதனைத் தெளிவாக்கும். தர ஆவணத்திற்கு அத்தகைய சூழல் இல்லை. சொல்லே அனைத்தையும் தாங்கியாக வேண்டும். இணைய நெறிமுறை ஆவணங்களுக்காக 1997இல் வெளிவந்த 2119 எண்ணிட்ட ஆவணம், இத்தகைய துணைவினைகளை வரையறுப்பதற்கென்றே எழுதப்பட்டது.

தமிழில் இவ்வேறுபாட்டைக் காட்டும் வடிவங்கள் முன்னரே உள்ளன; அவற்றை வரையறுத்துக்கொள்வதே எஞ்சியுள்ள பணி. கட்டாயத்திற்கு 'செய்தாக வேண்டும்' என்பது பொருந்தும். பரிந்துரைக்கு 'செய்தல் நன்று' அல்லது 'செய்தல் தகும்' என்பதை ஆளலாம். 'செய்யலாம்' என்பது இசைவையும் 'நாம் செய்வோம்' என்னும் அழைப்பையும் ஒருங்கே தரும். ஆதலின் இசைவுக்கு 'செய்ய இசைவுண்டு' என்பது தெளிவு. எதிர்மறையிலும் கவனம் தேவை. 'செய்யக்கூடாது' என்பது தடை. 'செய்ய வேண்டியதில்லை' என்பது கட்டாயமின்மை. 'செய்ய வேண்டாம்' என்பது இவ்விரண்டிற்கும் இடையே ஊசலாடும்.

வகுப்பறையில் இதனைப் பயிற்சியாக அமைக்கலாம். பள்ளியின் ஆய்வுக்கூட விதிகளையோ போட்டி விதிகளையோ எடுத்து, ஒவ்வொரு 'வேண்டும்' எனும் சொல்லையும் கட்டாயம், பரிந்துரை எனப் பிரித்து எழுதச் செய்க. பின்னர் ஒவ்வொரு விதியிடமும் 'ஒன்றும் இல்லையெனில்?' என்று வினவச் செய்க. 'ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர் பட்டியலை ஒப்படைக்க வேண்டும்' என்னும் விதியை ஒரு வெற்றுத்தாள் நிறைவு செய்கிறதா? பெயர் எழுதாத ஒற்றை வரி நிறைவு செய்கிறதா? மாணவர் தரும் விடைகள் வேறுபடுமாயின், திருத்தப்படவேண்டியது விதியின் சொல்லே. நிரலாளர் சோதனை எழுதிக் கண்டறிவதை, மொழி பயில்வோர் வாக்கியத்தைப் படிக்கும்போதே கண்டறிய இயலும்.