ஐந்து ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடங்கள்

ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விவசாயி மனதைத் தேற்றிக்கொள்வதுண்டு. பிள்ளையின் படிப்பு அப்படியல்ல. ஐக்கிய அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் ஒரு விவசாயப் பகுதி மக்கள் இதைப் பெரும் விலை கொடுத்து அறிந்துகொண்டார்கள். அவர்களுடைய கதையை இம்முறை சொல்ல விரும்புகிறோம்.

அப்பகுதியின் பெயர் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி. கவுண்டி என்பது மாவட்டம் போன்ற ஒரு நிருவாகப் பிரிவு. அரசாங்கப் பாடசாலைகளை நடத்துவது கவுண்டியின் பாடசாலைச் சபை. அதற்கு வரிப்பணத்தை ஒதுக்கிக் கொடுப்பது மேற்பார்வையாளர் சபை. அங்கே பலர் புகையிலைச் செய்கை பண்ணிப் பிழைத்தார்கள். வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பருக்கு வேறொன்று என்பதே அக்காலச் சட்டம்.

பாம்வில் பட்டினத்தில் கறுப்புப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பாடசாலை 1939இல் கட்டப்பட்டது. ஏறக்குறைய 180 பேருக்கென அமைந்த அக்கட்டடத்தில் 1951இல் 450க்கு மேற்பட்டோர் படித்தனர். சபையோ புதிய கட்டடம் கட்டாமல், தார்த்தாள் போர்த்திய மரக் கொட்டில்களைப் போட்டுக் கொடுத்தது. மழைக்கு அவை ஒழுகின. குளிர்காலத்தில் அடுப்புக்குக் கிட்ட இருந்த பிள்ளைக்கு வெக்கை, தள்ளி இருந்த பிள்ளைக்கு விறைப்பு. விஞ்ஞான ஆய்வுகூடமும் இல்லை, சாப்பாட்டு மண்டபமும் இல்லை.

பெற்றோர் பலமுறை கேட்டும் பலன் கிடைக்கவில்லை. 1951 ஏப்ரல் 23ஆந் திகதி பாபரா ஜோன்ஸ் என்ற பதினாறு வயது மாணவி தன் சக மாணவரைத் திரட்டி வகுப்பைப் பகிஷ்கரிக்கச் செய்தாள். பகிஷ்கரிப்பு இரண்டு வாரம் நீடித்தது. பிரான்சிஸ் கிறிபின் என்ற போதகர் அவர்கள் பக்கம் நின்றார். ஒலிவர் ஹில், ஸ்பொட்ஸ்வூட் றொபின்சன் ஆகிய சட்டத்தரணிகள் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கையும் வேறு நான்கு வழக்குகளையும் விசாரித்த நாட்டின் உயர் நீதிமன்றம், பாடசாலைகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954இல் தீர்ப்பளித்தது.

சோதனை அதன் பிறகுதான் வந்தது. பிள்ளைகளை ஒன்றாக இருத்திப் படிப்பிக்க மனமில்லாத மேற்பார்வையாளர் சபை, 1959இல் பாடசாலைகளுக்கு ஒரு சதமும் ஒதுக்க மறுத்தது. கவுண்டியின் அரசாங்கப் பாடசாலைகள் அனைத்தும் மூடப்பட்டன. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறக்கப்பட்டது. ஏறக்குறைய 1,700 கறுப்புப் பிள்ளைகள் வெளியே நின்றனர்.

பெற்றோர் கைகட்டி இருக்கவில்லை. சிலர் பிள்ளைகளை அயற் கவுண்டிகளில் இருந்த உறவினர் வீடுகளுக்கு அனுப்பினர். குவேக்கர் சபையினரின் சேவை அமைப்பு வேறு மாநிலங்களில் குடும்பங்களைத் தேடி, சில பிள்ளைகளை அங்கே தங்க வைத்துப் படிப்பித்தது. தேவாலயங்களின் நிலவறைகளில் சிறு கற்பித்தல் நிலையங்கள் நடந்தன. அவை முழுப் பாடசாலைக்கு ஈடாகவில்லை. ஆனாலும் எழுத்து மறந்துபோகாமல் காத்தன. எங்கும் அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் பலர் புகையிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்கள்.

1963இல் நன்கொடைப் பணத்தில் இலவசப் பாடசாலைகள் ஓராண்டுக்குத் திறக்கப்பட்டன. 1959இல் பள்ளி தொடங்கவேண்டிய ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்போது பத்து வயது. 1964 மே மாதம், போதகர் கிறிபினின் பிள்ளைகளின் பெயரிலும் நடந்த வழக்கில், பாடசாலைகளைத் திறக்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கதவுகள் திறந்தன. ஆனால் அதற்குள் வளர்ந்து ஆளாகிவிட்ட பலர் திரும்பி வரவேயில்லை.

அந்தக் கடனை மாநிலம் காலந்தாழ்த்தியே ஒத்துக்கொண்டது. 2003இல் சட்டசபை வருத்தம் தெரிவித்தது. 2004இல், படிப்பை இழந்தவர்களுக்கென ஒரு புலமைப்பரிசில் திட்டம் வந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் அதைக் கொண்டு விட்ட படிப்பைத் தொடர்ந்தார்கள்.

வீட்டையும் வயலையும் விட்டு வந்த பெற்றோருக்கு இக்கதையில் விளக்கம் தேவையில்லை. இரண்டு காரியங்களை மட்டும் எடுத்துச் சொல்கிறோம். அம்மக்கள் பாடசாலை திறக்கும்வரை பாடத்தை முற்றாக நிறுத்திவைக்கவில்லை. கிடைத்த இடத்தில், கிடைத்த ஆளைக் கொண்டு படிப்பித்தார்கள். அதே வேளையில், இதுவே போதும் என்றும் அடங்கிவிடவில்லை. முழுப் பாடசாலை பிள்ளையின் உரிமை என்று பதின்மூன்று ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.