பிளாக்குக்குள் பிளாக்

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஆட்டோகேட் படம். அதில் குளியலறைக் கதவு ஒரு பிளாக். அந்தக் கதவு குளியலறை என்ற பிளாக்குக்குள் இருக்கிறது. குளியலறை வீட்டுக்குள், வீடு தளத்துக்குள். கதவின் சிவப்புக் கோட்டைச் சாம்பல் நிறமாக்க அதன்மேல் கிளிக் செய்தால், தளம் முழுவதும் ஒரே பொருளாகத் தேர்வாகிவிடும். உடனே எக்ஸ்ப்ளோட் கொடுத்து எல்லாவற்றையும் உடைத்துவிடுகிறவர்கள் உண்டு. படத்துக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. அதன்பிறகு சின்னத் திருத்தத்துக்கும் ஒவ்வொரு கதவாகத் தேடிப் போக வேண்டியதுதான்.

திரையில் எத்தனை கதவு தெரிந்தாலும், கோப்புக்குள் வரைந்து வைத்திருப்பது ஒரே கதவு. மற்றதெல்லாம் இந்தப் பெயருள்ள பிளாக்கை இந்த இடத்தில், இந்தக் கோணத்தில் வை என்ற குறிப்புகள். வரைந்து வைத்த அந்த ஒன்றை, அதாவது பிளாக்கின் வரையறையைத் திருத்தினால் எல்லாக் கதவும் மாறிவிடும். ஒன்றிரண்டு என்றால் பிளாக் எடிட்டரே போதும். நூற்றுக்கணக்கான பிளாக் உள்ள கோப்புக்கு லிஸ்ப் வேண்டும்.

ஜான் மெக்கார்த்தி 1958-ல் உருவாக்கிய லிஸ்ப், பட்டியல்களைக் கையாளப் பிறந்த மொழி. அதன் வழிவந்த ஆட்டோலிஸ்ப் 1986-ல் ஆட்டோகேடில் சேர்ந்தது. இரண்டும் பொருந்தியதில் வியப்பில்லை. ஆட்டோகேடில் ஒரு கோட்டைக்கூடப் பட்டியலாகவே படிக்கலாம். என்ட்கெட் என்று கேட்டால் அந்தக் கோட்டின் விவரம் முழுவதும் வரும். அதில் (8 . "0") என்றால் லேயர் 0, (62 . 1) என்றால் சிவப்பு. 62-ஐ அடுத்துள்ள 1-ஐ 8 ஆக்கி என்ட்மாட் கொடுத்தால் கோடு சாம்பல் நிறமாகிவிடும். நிறத்தை லேயரிடமிருந்தே பெறும் கோட்டுக்கு 62 என்ற பதிவே இருக்காது. அதையும் மாற்ற வேண்டுமென்றால் புதிதாகச் சேர்க்க வேண்டும். புதியவர்களின் ஸ்கிரிப்ட் பாதி கோட்டை விட்டுவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

நாலு அடுக்கு ஆழத்தில் இருக்கும் கதவை எட்ட, அடுக்கடுக்காக உள்ளே இறங்க வேண்டும் என்றுதான் தோன்றும். தேவையே இல்லை! தளம், வீடு, குளியலறை, கதவு ஆகிய நான்கின் வரையறைகளும் கோப்பின் பிளாக் அட்டவணையில் ஒரே மட்டத்தில்தான் கிடக்கின்றன. டிபிஎல்நெக்ஸ்ட் கொண்டு அட்டவணையை வரிசையாகப் படித்து, ஒவ்வொரு வரையறையின் முதல் பொருளிலிருந்து என்ட்நெக்ஸ்ட் வழியே கடைசிவரை நடந்தால் எதுவும் தப்பாது. ஒரு வீட்டுக்குள் இருப்பவற்றை மட்டும் மாற்றத்தான் உள்ளே இறங்கும் சுழற்சி வேண்டும். அப்போதும் கவனம் தேவை: அதே கதவு வேறு வீட்டிலும் இருந்தால் அதுவும் மாறும்.

சிலவற்றைத் தொடக்கூடாது. எக்ஸ்ரெஃப் ஆக இணைந்த படம் வேறு கோப்புக்குச் சொந்தம். அட்டவணையில் அதன் 70 என்ற பதிவைப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டும். *D என்று தொடங்கும் பெயர்கள் அளவுக்கோடுகளுக்காக ஆட்டோகேடே வைத்துக்கொள்பவை, அவற்றையும் விட்டுவிடலாம். ஆனால் *U என்று தொடங்குபவற்றை விடக்கூடாது. டைனமிக் பிளாக்கை இழுத்து நீட்டியிருந்தால், திரையில் தெரியும் வடிவம் அந்தப் பெயரில்தான் இருக்கும்.

ஆட்ரிபியூட் எழுத்துகள் தனி வழக்கு. கதவு எண் போன்றவை ஒவ்வொரு பிரதியோடும் தனியாகச் சேமிக்கப்படுவதால், வரையறையை மாற்றினாலும் அவை அசையாது. அவற்றுக்கு ஸ்கிரிப்ட் பிரதி பிரதியாகப் போக வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒரு ரீஜென். அதுவரை திரையில் பழைய சிவப்பே நிற்கும்.

விலை குறைந்த ஆட்டோகேட் எல்டியில் இந்த வசதி நெடுங்காலம் இல்லை. 2024 பதிப்பிலிருந்து அதிலும் ஆட்டோலிஸ்ப் ஓடுகிறது.