கதவு உக்கினால் கிணறு உவராகும்

பல உறுப்புகள் சேர்ந்ததே ஓர் உடல் என்று புனித பவுல் எழுதினார். எமது தோட்டங்களின் நீரமைப்பும் அத்தகையதே. நீரேரித் தடுப்பணை, குளம், வாய்க்கால், கிணறு, இறைப்பு இயந்திரம் யாவும் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவை. ஒன்று பழுதானால், மற்றவை நன்றாக இருந்தும் பயிர் வாடும்.

யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியற் கணக்கு. மேலே சிறிது குறைந்தாலும், கீழிருந்து உவர் பல மடங்கு ஏறும்.

அணை கற்பித்த பாடம்

1950களில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டன. கடல்நீரைத் தடுத்து, மழைநீரை நீரேரிகளில் தேக்குவதே நோக்கம். ஆனையிறவு நீரேரியின் நன்னீரையும் வடமராட்சிப் பக்கம் கொண்டுவரும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்தார். ஆனால் அணைக் கதவுகளின் மரப்பலகைகள் காலப்போக்கில் உக்கின. உரிய நேரத்தில் மாற்றப்படாமையால் கடல்நீர் மீண்டும் உட்புகுந்தது. பெரிய வேலையின் பயனைச் சிறிய பலகைகள் கெடுத்துவிட்டன.

எதை, எப்போது பார்ப்பது?

எல்லாவற்றையும் ஒரே அளவில் கவனிக்க எவரிடமும் பணம் இல்லை. ஆகவே ஒவ்வோர் உறுப்பைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது நின்றால் எல்லாம் நிற்குமா? பழுதாகுமுன் அடையாளம் காட்டுமா?

உறிஞ்சு குழாயின் அடிவால்வு கெட்டால் இறைப்பே நின்றுவிடும். அதன் வாசரையும் இயந்திரத்தின் பிளக்கையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வாய்க்கால் வெடிப்பு மெல்லத்தான் பெருகும். அதைப் பார்த்திருந்து பூசலாம்.

அடுத்தது, வேலைகளைச் சேர்த்துச் செய்தல். ஆவணி, புரட்டாதியில் கிணற்று நீர் மிகத் தாழ்ந்திருக்கும். தூர் வாருதல், உட்கட்டைப் பூசுதல், அடிவால்வைக் கழற்றிப் பார்த்தல் மூன்றையும் அப்போதே செய்தால் ஒரு கூலி, ஒரு நாள் போதும். மூன்று முறை இறைப்பை நிறுத்தினால் வெங்காயம் பொறுக்காது. குளத்தையும் வாய்க்காலையும் மழைக்கு முன் துப்புரவாக்குங்கள். மழைக்குப் பின் செய்தால் ஓராண்டு நீர் வீணாகும்.

ஊர் திரும்புவோருக்கு

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, 2009 இன் பின் சிறிது சிறிதாகக் காணி பெற்றன. நெடுங்காலம் மூடிக் கிடந்த கிணற்றில் அவசரப்பட்டு இறங்க வேண்டாம். வெடிபொருள் அகற்றப்பட்டதை முதலில் உறுதிசெய்யுங்கள். ஆழத்தில் கெட்ட காற்று நின்றால் ஆள் மயங்கி விழுவார். எரிபொருளில் ஓடும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமின்றி உயிரைக் கொல்லும்.

தூர் வாரிய பின்பும் உடனே ஒட்ட இறைக்காதீர்கள். சிறிது இறைத்து, ஊறவிட்டு, சுவை பார்த்துத் தொடருங்கள்.

பங்குக் கிணறாயின் இன்னொரு சிக்கல் உண்டு. பங்காளர் ஒருவர் முகாமிலும் இன்னொருவர் வெளிநாட்டிலும் இருப்பர். ‘அவர் வரட்டும்’ என்று காத்திருந்தால் கட்டு இடிந்துவிடும். ஒரு கொப்பியில் செய்த வேலை, திகதி, செலவு, அடுத்த முறை பார்க்கவேண்டியது ஆகியவற்றை எழுதிவையுங்கள். கணக்குத் தெளிவாக இருந்தால் பங்குக் காசு கேட்பதில் மனக்கசப்பு வராது. இன்னும் காணி கிடைக்காமல் காத்திருப்பவர் திரும்பும் நாளில், அந்தக் கொப்பியே கிணற்றின் நிலையை அவருக்குச் சொல்லும்.