அடுத்த அடிக்குத்தான் நேரம் ஆகுது

உடம்பும் வயதும் - 17

2024 நவம்பர் 16, சனிக்கிழமை காலை. ஆலங்குளம் மெயின் ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் ஒரு போனைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவின் டெக்சாஸில் மைக் டைசன் ரிங்கில் நின்றார். அவருக்கு வயது 58. எதிரே நின்ற ஜேக் பாலுக்கு 27. "ஒண்ணே ஒண்ணு விழட்டும், பையன் எந்திரிக்க மாட்டான்" என்று பக்கத்தில் இருந்த அண்ணாச்சி ரவுண்டுக்கு ரவுண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டு ரவுண்டும் முடிந்தன. டைசனின் குத்துகளில் இலக்கில் பட்டவை மொத்தமே 18. அண்ணாச்சி எதிர்பார்த்த அந்த ஒன்று கடைசிவரை விழவில்லை.

"வயசானா குத்துல பலம் போயிருமா சார்?" என்று கேட்டார். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த வாரம் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், ஹெவிவெயிட் குத்து என்றால் என்ன? 1985-ல் இங்கிலாந்தின் ஃபிராங்க் புருனோவை வைத்து ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, முடிவை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். புறப்பட்ட முஷ்டி பத்தில் ஒரு பங்கு வினாடியில் இலக்கைத் தொட்டது. தொட்டபோது அதன் வேகம் வினாடிக்கு 8.9 மீட்டர். 6 கிலோ எடையுள்ள, பஞ்சு சுற்றிய மரச்சுத்தியலை மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வீசி அடித்தால் என்ன ஆகுமோ, அதற்குச் சமம் என்று எழுதினார்கள்.

யாருடைய முஷ்டியும் 6 கிலோ எடை இருக்காது. அந்த எடை உடம்பிலிருந்து வருகிறது. பின்னங்கால் தரையை உந்த, இடுப்பு திரும்ப, தோள் அதைத் தொடர, கடைசியில்தான் கை வருகிறது. படுகிற கணத்தில் மணிக்கட்டும் முழங்கையும் தோளும் இறுகிப்போனால், பின்னாலிருக்கும் உடம்பும் சேர்ந்து மோதும். அதனால்தான் வடசென்னைக் குத்துச்சண்டை வாத்தியார்கள் பையன்களுக்குக் கையை விடக் காலை அதிகம் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதில் வயது எங்கே கை வைக்கிறது? நம் தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. ஒன்று மெதுவாக, நெடுநேரம் உழைப்பது. மற்றொன்று சட்டென்று வெடித்து, சீக்கிரமே களைத்துவிடுவது. முப்பதுகளைத் தாண்டி வயது ஏற ஏற, முதலில் மெலிவது இந்த இரண்டாவது வகை. அதை இயக்கும் நரம்புகளும் குறைகின்றன. நரம்பை இழந்த சில இழைகளைப் பக்கத்து மெதுநரம்பு தத்தெடுத்துக்கொள்ள, அவையும் மெதுவான இழைகளாக மாறிவிடுகின்றன. பலம் ஓரளவு தங்கிவிடும். அதை ஒரு நொடிக்குள் வெளியே கொண்டுவரும் திறன்தான் முந்திக்கொண்டு போகும். எங்கள் காய்கறி மார்க்கெட்டில் அறுபது வயதுக்காரர் தக்காளிப் பெட்டியை அலுங்காமல் தூக்கித் தோளில் வைப்பார். அதையே லாரிக்கு மேலே வீசச் சொன்னால் முடியாது.

எடை குறைந்த பிரிவுகளில் வேகம்தான் குத்து. வேகம் போனால் எல்லாமே போய்விடும். ஹெவிவெயிட்டிடம் மட்டும் வயதாகாத ஒரு பொருள் இருக்கிறது, உடம்பின் எடை.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் ஊர் விறகுக்கடையில் கோடாலி பிடிக்கும் ஒரு பெரியவர். புளியங்கட்டையைப் பிளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு இளவட்டங்கள் வியர்க்க வியர்க்க வெட்டியும் கட்டை வாய் திறக்கவில்லை. "கைய நம்பி வெட்டுனா கைதான் நோவும் தம்பி. கோடாலிக்கு வெயிட்டு இருக்குல்லா, அத எறங்க விடணும்" என்றார். ஒரே அடி, கட்டை இரண்டாகப் பிளந்தது. பிறகு கோடாலியை ஊன்றி மூச்சு வாங்கினார். "அடி விழுந்தா இன்னிக்கும் பொளந்துரும். அடுத்த அடிக்குத்தான் நேரம் ஆகுது."

ஜார்ஜ் ஃபோர்மேனின் இரண்டாவது வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும். 1973-ல் ஜோ ஃபிரேசியரை இரண்டே ரவுண்டுக்குள் ஆறு முறை தரையில் தள்ளியவர் அவர். 1977-ல் கிளவுஸைக் கழற்றிவைத்துவிட்டுப் பிரசங்கியானார். பத்து ஆண்டு கழித்து, 38 வயதில் திரும்பி வந்தார். உடம்பு பெருத்து, நடை தளர்ந்திருந்தது. 1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாஸில் 26 வயது சாம்பியன் மைக்கேல் மூரருக்கு எதிரே நின்றபோது ஃபோர்மேனுக்கு வயது 45. எடை 113 கிலோ. இருபது வருடத்துக்கு முன் கின்ஷாசாவில் முகமது அலியிடம் தோற்ற இரவில் போட்டிருந்த அதே கால்சட்டையைத்தான் அன்றும் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்பது ரவுண்டு அடி வாங்கினார். மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். பத்தாவது ரவுண்டில் ஒரு குட்டையான வலதுகைக் குத்து, கையை ஓங்கக்கூட இல்லை. மூரர் எழவில்லை. கோடாலியை இறங்க விட்டார், அவ்வளவுதான்.

இனி அலி. அவரையும் அதே 38 வயதில் நம் சென்னை பார்த்திருக்கிறது. 1980-ன் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தவர், டெல்லியில் கவுர் சிங்கோடு காட்சிப் போட்டி ஆடினார். பஞ்சாபைச் சேர்ந்த இந்த ராணுவ வீரர்தான் 1982 ஆசியப் போட்டியில் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். சென்னை நேரு ஸ்டேடியத்தில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் அலியோடு ஆடியவர் ஜிம்மி எல்லிஸ். இருவரும் லூயிவில் நகரத்துக்காரர்கள், சின்ன வயதிலிருந்தே பழக்கம். எல்லிஸும் ஒரு காலத்தில் உலக சாம்பியன். 1975-ல் பயிற்சியில் ஒரு கண்ணின் பார்வை பாதிக்கப்பட்டு விலகியவர். கூட்டம் அலைமோதியது. வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளில் அந்த நாளை இன்றைக்கும் கண்கள் மின்னச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அலியின் ஆயுதம் ஃபோர்மேனுடையதைப் போன்றதல்ல. அவர் எடையால் ஜெயித்தவரல்ல. காலால், கண்ணால், அரை நொடி முந்துவதால் ஜெயித்தவர். வயது முதலில் எடுத்துக்கொண்டுபோனது அதைத்தான். சென்னையில் கைதட்டு வாங்கிய அதே ஆண்டு அக்டோபர் 2-ல் லேரி ஹோம்ஸ் முன்னால் நின்றார். அடிகளிலிருந்து விலகக்கூட முடியவில்லை. பத்து ரவுண்டுக்குப் பிறகு அவருடைய பயிற்சியாளரே சண்டையை நிறுத்தினார்.

அண்ணாச்சிக்கு நான் சொல்ல விரும்பும் பதில் இதுதான். பலமான குத்து கடைசிவரை கூட வரும். ஆனால் அது வீரரையும் ஏமாற்றும், அவரை மேடை ஏற்றிச் சம்பாதிக்கிறவர்களுக்கும் நல்ல சாக்காகும். பயிற்சிக்கூடத்தில் தொங்கும் மணல்மூட்டை நகராது, திருப்பி அடிக்காது. அதில் 58 வயது டைசனின் குத்தும் இடிபோலத்தான் கேட்கும். ரிங்கில் எதிராளி நகர்வான். வயதான வீரர் தலையை ஒதுக்குவதும் காலை மாற்றுவதும் எப்போதோ தாமதமாகிவிட்டிருக்கும். கொடுக்கும் அடி ஒன்று, வாங்கும் அடி நான்கு என்று கணக்கு மாறும். அந்த நான்கும் மூளையில் போய்ச் சேரும். வயிற்றுப்புண்ணால் ரத்தம் இழந்து, ஜூலையில் நடக்கவேண்டிய சண்டையைத் தள்ளிவைத்த மனிதரை நவம்பரில் ரிங்கில் ஏற்றியது தவறு. அன்று பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த எனக்கும் அதில் பங்கு உண்டு.

அலியின் கடைசிச் சண்டை 1981 டிசம்பர் 11, பஹாமாஸில். ட்ரெவர் பெர்பிக்கிடம் பத்து ரவுண்டு ஆடித் தோற்றார். ஐந்தாண்டு கழித்து அதே பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்துப் பட்டம் வென்றார் டைசன். அப்போது டைசனுக்கு வயது 20. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1984-ல், அலிக்கு நடுக்குவாத நோய் இருப்பதாக மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று அவருக்கு வயது 42.