வைஃபை கிடையாது, விடியலும் கிடையாது... துருவத்துல வேலை பார்க்கிற விஞ்ஞானியோட ஒரு நாள் எப்படிப் போகும்?

பெரும்பாக்கத்துல இருந்து மேடவாக்கம் வழியா வேளச்சேரிக்கு பஸ்ல போயிருக்கீங்களா? பள்ளிக்கரணை பக்கம் வரும்போது என்.ஐ.ஓ.டி-னு சொல்ற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தோட வளாகம் வரும். நம்மள்ல பலபேர் போனைப் பார்த்துக்கிட்டே அதைத் தாண்டிப் போயிருப்போம். ஆனா, இங்க இருக்கிறவங்களோட உழைப்புல உருவான ஒரு கருவி, 2014 ஜூலையில ஆர்க்டிக் கடலுக்குள்ள இறங்கியிருக்கு. பேரு 'இண்ட்ஆர்க்'. நார்வேயோட ஸ்வால்பார்டு தீவுகள்ல, 192 மீட்டர் ஆழத்துல நங்கூரம் போட்டு நிறுத்தி, தண்ணியோட வெப்பம், உப்புத்தன்மை, நீரோட்டம் எல்லாத்தையும் அளக்கத் தொடங்கினாங்க.

அந்தக் கரையில இருக்கிற குட்டி ஊர்தான் நை-ஆலசுண்ட். அங்கதான் 2008-ல திறந்த இந்தியாவோட 'ஹிமாத்ரி' ஆராய்ச்சி நிலையம் இருக்கு. வட துருவம் அங்கிருந்து சுமார் 1,200 கி.மீ தூரம்தான். சரி, அங்க ஒரு நாள் எப்படிப் போகும்?

போன்ல ஃப்ளைட் மோட்!

ஊருக்குள்ள வரும்போதே போன்ல வைஃபை, ப்ளூடூத் ரெண்டையும் அணைச்சிடணும். விண்வெளியில இருந்து வர்ற ரொம்ப மெல்லிய ரேடியோ அலைகளைப் பிடிக்கிற ஆன்டெனாக்கள் அங்க இருக்கு. உங்க ப்ளூடூத் இயர்போன்கூட அதுக்கு இடைஞ்சல்தான். இன்டர்நெட் வேணும்னா கேபிள் சொருகின கம்ப்யூட்டர்ல உட்காரணும். படுத்துக்கிட்டே ரீல்ஸ் பார்க்கிற கதையெல்லாம் நடக்காது.

மதியம் 12 மணிக்கும் இருட்டு

அக்டோபர் கடைசியில மறையுற சூரியன், பிப்ரவரி பாதிக்கு மேலதான் மறுபடி எட்டிப் பார்க்கும். கோடையில அப்படியே தலைகீழ். ஏப்ரல் பாதியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சூரியன் மறையவே மறையாது. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நம்ம உடம்பு தூங்கவும் எழவும் பழகியிருக்கு. அது குழம்பினா தூக்கம் போகும், மனசும் சோர்ந்துபோகும். அதனால சாப்பாட்டு நேரம்தான் அங்க கடிகாரம். எந்த நாட்டு விஞ்ஞானியா இருந்தாலும் ஒரே பொது மெஸ்லதான் சாப்பாடு.

ஊர் எல்லையைத் தாண்டி கருவியைப் பார்க்கப் போகணும்னா துப்பாக்கியும், அதைச் சுடுற பயிற்சியும் வேணும். காரணம், பனிக்கரடி. வீடுகளோட கதவைக்கூடப் பூட்ட மாட்டாங்க. கரடி துரத்தினா யாரும் எந்த வீட்டுக்குள்ளயும் ஓடிப்போய் நுழைஞ்சுக்கலாம்.

அன்டார்க்டிகா இன்னும் கஷ்டம்

தென் துருவப் பக்கம் நமக்கு 'மைத்ரி', 'பாரதி'னு ரெண்டு நிலையங்கள் இருக்கு. பாரதியை 134 கன்டெய்னர்களைச் சேர்த்துக் கட்டியிருக்காங்க. அங்க குளிர்காலம் தொடங்குறதுக்கு முன்னாடி கடைசிக் கப்பல் கிளம்பிட்டா, அப்புறம் பல மாசத்துக்கு யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. வீட்டுல கல்யாணமோ, யாருக்காவது உடம்பு முடியாமப் போறதோ, எதுவா இருந்தாலும் தூரத்துல இருந்து கேட்டுக்க வேண்டியதுதான். அதனாலதான் கிளம்புறதுக்கு முன்னாடியே உடல், மனப் பரிசோதனை பண்றாங்க. உத்தரகாண்ட் மாநிலம் ஆலியில பனிப் பயிற்சியும் உண்டு.

இஸ்ரோவைச் சேர்ந்த மங்களா மணி, 2016 நவம்பர்ல பாரதிக்குப் போனப்போ அவங்களுக்கு வயசு 56. 23 பேர் இருந்த குழுவுல அவங்க மட்டும்தான் பெண். செயற்கைக்கோள் தகவல்களை இறக்குற வேலையில 403 நாள் அங்க இருந்துட்டுத் திரும்பினாங்க.

அங்க விஞ்ஞானினு தனி மரியாதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. சமையலறை வேலை, சுத்தம் பண்றதுனு எல்லாருக்கும் முறை வரும். டாக்டர், மெக்கானிக், சமையல்காரர் இல்லாம நிலையமே ஓடாது. குப்பையையும் அங்க விட்டுட்டு வர முடியாது. மூட்டை கட்டித் திரும்ப எடுத்துட்டு வரணும்.

இவ்வளவு கஷ்டம் எதுக்கு?

2023 டிசம்பர் தொடக்கத்துல மிக்ஜாம் புயல் வந்தப்போ, நம்ம தென்சென்னைப் பகுதிகள்ல தண்ணி எப்போ வடியும்னு காத்திருந்தது ஞாபகம் இருக்கா? அதே மாசம் 18-ம் தேதிதான், ஹிமாத்ரிக்கு இந்தியாவோட முதல் குளிர்காலக் குழு கிளம்புச்சு. மொத்தமே 4 பேர். 1979-ல இருந்து பார்த்தா, ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைவிடக் கிட்டத்தட்ட 4 மடங்கு வேகமா சூடாகிட்டு இருக்கு. அந்த மாற்றத்துக்கும் நம்ம பருவமழைக்கும் என்ன தொடர்புங்கிறது, நம்ம விஞ்ஞானிகள் அங்க தேடுற முக்கியமான கேள்விகள்ல ஒண்ணு.

ஒரு வருஷத்து அளவீட்டை வச்சு இதுக்குப் பதில் சொல்லிட முடியாது. வருஷக்கணக்கா விடாம அளக்கணும். அதுக்காகத்தான் யாரோ ஒருத்தர் விடியாத ஊர்ல அலாரம் வச்சு எழுந்திரிக்கிறார்.

அடுத்த தடவை பள்ளிக்கரணை வழியா பஸ்ல போறப்போ, ஒரு நிமிஷம் போன்ல இருந்து தலையை நிமிர்த்தி அந்த வளாகத்தைப் பாருங்க. இயற்பியலோ, மெக்கானிக்கலோ, மருத்துவமோ, சமையலோ, நீங்க எதைப் படிச்சிட்டு இருந்தாலும், அங்க இருந்து துருவத்துக்கு ஒரு வழி இருக்கு!