இலைமேல் படியும் கரி

கொய்யாவும் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் நிற்கும் கொல்லையிலே, இலைகளெல்லாம் கரி பூசினாற்போல் கறுத்திருக்கக் கண்டு, செடிக்கு ஏதோ மகாவியாதி வந்துவிட்டதென்று பதறி மருந்துக்கடைக்கு ஓடுவோர், ஓடுமுன் ஈரத்துணியால் ஓர் இலையைத் துடைத்துப் பார்ப்பது உத்தமம். கரி துணியோடு வந்து, அடியில் இலை பச்சையாகவே தெரியுமானால், அது கரும்பூசணம். இலைக்குள் புகுந்து தின்பதன்று, மேலே வழிந்த இனிப்பை உண்டு படர்வது. வெயிலை மறைத்துச் செடியை மெலியச் செய்யுமே தவிர, தானாக அதைக் கொல்வது அபூர்வம்.

அந்த இனிப்பைச் சொரிவன அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி, வெள்ளை ஈ முதலிய சாறுறிஞ்சிகள். ஆதலால், கறுத்த இலையை விட்டு, அதற்கு நேர்மேலே உள்ள இலையின் அடிப்புறத்தையே புரட்டிப் பார்க்கவேண்டும். தண்டில் எறும்புகள் சாரைசாரையாக ஏறுமானால் அதுவும் நல்ல தடயமே. 2016இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ, ஓலையடியில் வெண்மெழுகுச் சுருள்களாக முட்டையிட, கீழ் மட்டைகளும் மரத்தடி வாழைகளும் கறுத்துப்போயின. அப்பொழுது வேளாண் விஞ்ஞானிகள் சொன்ன உபாயங்கள் வீட்டுத் தோட்டத்திற்கும் பொருந்துவனவே: மஞ்சள் ஒட்டும் பொறி, இலையடியில் வேகமாக நீர் பீய்ச்சுதல், லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதா காய்ச்சிய பசையைத் தெளித்தல். பசை காய்ந்து உதிரும்போது கரியும் உடன் உதிர்ந்துவிடுகிறது. பூச்சி மிகுந்தால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடிக்கலாம். கடும் விஷங்களோ, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா என்னும் நுண்ணிய குளவியையும் சேர்த்தே மாய்த்துவிடுகின்றன. கறிவேப்பிலையைப் பறித்து அன்றே தாளிக்கிற வீட்டில் அவற்றைப் பிரயோகிப்பது, என் அபிப்பிராயத்தில், சுத்த அவிவேகம்.

மருந்து வாங்கியே தீரவேண்டிய சந்தர்ப்பத்தில், 1968ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின்படி உரிமம் பெற்ற கடையில், முத்திரை உடையாத புட்டியையும் ரசீதையும் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை. பழைய புட்டியில் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதை ஏற்கலாகாது. அட்டையிலுள்ள முக்கோணம் சிவப்பாயின் விஷம் அதிதீவிரம். மஞ்சள், நீலம், பச்சை என அது படிப்படியாகக் குறையும். சரக்கு போலியென்று சந்தேகம் எழுந்தால், புட்டியையும் ரசீதையும் எறிந்துவிடாமல் வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டி முறையிடலாம். நஷ்டஈடு கோரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடுவதாயின், வழக்குக்குக் காரணம் எழுந்த நாள்முதல் 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும்.